ஐந்து பெட்டிகளும் ஒரு பின்னறையும்

மெல்பேர்னில் நகரசபைத் தேர்தல் தபாலில் வருகிறது. பீட்சாக் கடை விளம்பரத்துக்கும் புல் வெட்டுபவரின் துண்டுப்பிரசுரத்துக்கும் நடுவே ஒரு தடித்த உறை கிடந்தது. எடுத்துவந்து குசினி மேசையில் போட்டேன். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் எனக்கு வேலை. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்துவிட்டால் பிறகு எழும்ப மனம் வராது. உறைக்குள் வாக்குச்சீட்டு, ஐந்து வேட்பாளர்களின் படம் போட்ட கையேடு, திருப்பி அனுப்ப இன்னோர் உறை. வாக்களிக்காமல் விட்டால் ஏன் என்று கேட்டுக் கடிதம் வரும்.

ஊரில் நான் முதன்முதலாக வாக்களிக்கப் போன நாளில், இரண்டு இடத்தில் ஆமிச் சோதனை முடித்துத்தான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். அதிகாரி வாக்காளர் இடாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிள்ளை, உம்மட வாக்கு காலமையே போட்டாச்சு" என்றார். யார் போட்டது என்று கேட்கக்கூடிய காலமில்லை அது. திரும்பி நடந்தேன். இங்கே அந்த வாக்கு என்னைத் தேடி வீட்டுக்கு வருகிறது. சந்தோசப்பட வேண்டிய விசயம்தான். ஆனால் அன்று எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது.

ஒருவருக்குப் புள்ளடி போட்டுவிட்டு எழும்ப முடியாது. ஐந்து பேரின் பெயருக்குப் பக்கத்திலுள்ள பெட்டிகளிலும் ஒன்றிலிருந்து ஐந்துவரை இலக்கம் போட வேண்டும். நாங்கள் ஒன்று போட்டவர் பின்தங்கி விலகினால், எங்கள் வாக்கு இரண்டு போட்டவருக்குப் போகும். அவரும் விலகினால் மூன்றாமவருக்கு. ஊரின் விருப்பு வாக்கில் பிடித்தவர்களைக் குறித்தால் போதும். இங்கே கண்ணிலும் காட்டக்கூடாதவருக்கும் ஓர் இடம் கொடுத்தாக வேண்டும்.

இதையெல்லாம் எனக்கு விளங்கப்படுத்தியவன் சுதன். படகில் வந்து அகதித் தஞ்சம் கேட்டவன். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசாவில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்கிறான். ஆறு வருடமாக எங்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தான். கார் விடும் கொட்டகையை நாங்களே மறித்துக் கட்டிய அறை அது, அனுமதி எடுக்கவில்லை. சுதனுக்கு வாக்கு இல்லை. ஆனால் கையேட்டை முதற்பக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்தவன் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான்.

ஐந்து பேரில் ஒருவர் எங்கள் ஆள். ராஜன், என் கணவரின் நண்பர், கோயிலிலும் தமிழ்ப்பள்ளியிலும் முன்னுக்கு நிற்பவர். தெருவெல்லாம் கார் நிற்கிறது, ஒரே வீட்டில் பல பேரை அடைத்து வைத்திருக்கிறார்கள், அனுமதியில்லாத அறைகளை மூடவைப்பேன் என்று கையேட்டில் எழுதியிருந்தார். இன்னொருவர் மார்கரெட் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. நூலகத்தில் நடக்கும் இலவச ஆங்கில வகுப்பை நிறுத்த விடமாட்டேன் என்றார். அந்த வகுப்புக்குச் சுதன் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் போவான்.

மார்கரெட் வாக்குக் கேட்டு வந்தபோது கதவைத் திறந்ததும் அவன்தான். எல்லாப் பெட்டிக்கும் நம்பர் போடுங்கள், இல்லாவிட்டால் எண்ணமாட்டார்கள் என்று ஆறுதலாகச் சொன்னார். "என்னை எண்ணமாட்டார்கள்" என்றான் சுதன், தன் ஆங்கிலத்தில். "இல்லை, இல்லை, சரியாகப் போட்டால் கட்டாயம் எண்ணுவார்கள்!" என்று அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவன் அவரைத் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவர் தன் சீட்டை நிரப்பினார். "ஒண்டு ராஜனுக்கு. எங்கட ஆள் ஒண்டு உள்ள போகட்டும்."

"அவர் மூடச் சொல்லுறது எங்கட பின்னறையையும்தானே?"

"அது வெள்ளைக்காரற்ற வோட்டுக்காகச் சொல்லுறது. எங்கட வீட்டுக்கு வருவானே?" உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழும்பிப் போனார்.

எதிரே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த சுதனிடம் என் சீட்டைத் தள்ளினேன். "நீ போடு. நீதானே எல்லாத்தையும் வாசிச்சனி."

அவன் கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தான். "வேண்டாம் அக்கா. பிழையெண்டு ஆரும் கண்டா என்ர கேஸ் போயிடும்." கோப்பையையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டான். விளையாட்டாக நான் செய்த காரியம் அவனை எவ்வளவு பயப்படுத்திவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. நானே எழுதினேன். மார்கரெட்டுக்கு ஒன்று, ராஜனுக்கு ஐந்து. கணவருக்குச் சொல்லவில்லை.

முதல் எண்ணிக்கையில் மார்கரெட்தான் முன்னுக்கு நின்றார். மற்றவர்கள் ஒவ்வொருவராக விலக, அவர்களின் வாக்குகள் ராஜனிடம் போய்ச் சேர்ந்தன. அவர் வென்றார். கணவர் வீட்டில் ஒரு விருந்து வைத்தார். "அக்கா, உங்கட ரெண்டு பேற்ற வாக்கையும் நான் மறக்கமாட்டன்" என்றார் ராஜன். நான் அவருடைய தட்டில் இன்னொரு வடையை வைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு எந்த அதிகாரியும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. பயம் வந்தது என் கணவருக்குத்தான். "ராஜன் சபையில இருக்கேக்க எங்கட வீட்டில பிடிச்சா அவனுக்குத்தான் அவமானம்" என்று சுதனைக் கூப்பிட்டு இடம் பார்க்கச் சொன்னார். சுதன் என்னைப் பார்த்தான். நான் கறியைக் கிளறிக்கொண்டு நின்றேன். யாருக்கும் தெரியாமல் ஐந்து போடத் துணிந்த எனக்கு, கணவரிடம் "வேண்டாம், அவன் இருக்கட்டும்" என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்மீதே வெறுப்பு வருகிறது.

இரண்டு கிழமையில் அவன் டண்டினோங் புறநகர்ப் பக்கம் நாலு பேரோடு ஓர் அறைக்குப் போனான். "அங்க எத்தினை நாளைக்கெண்டு தெரியாது அக்கா. கடிதம் வந்தா எடுத்து வையுங்கோ. போயிட்டு வாறன்" என்றான்.

போன மாதம் குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம் ஒன்று வந்தது. தொலைபேசியில் சொன்னேன்.

"நீங்களே உடையுங்கோ அக்கா. நான் அங்க வருமட்டும் பொறுக்கேலாது."

உடைத்து வாசித்தேன். அவன் வழக்குக்கு முடிவு எதுவும் இல்லை. தற்காலிக விசாவை நீட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். எத்தனை மாதத்துக்கு என்று அவன் கேட்டுக் குறித்துக்கொண்டான். பிறகு கேட்டான்: "அதில என்ர விலாசம் என்னெண்டு கிடக்கு?"

"எங்கட வீடுதான்."

"அப்ப நான் இன்னும் அங்கதான் இருக்கிறன்" என்று சிரித்தான். எனக்குச் சிரிக்க வரவில்லை.