கிராணி மாமா நிரப்பிய படிவம்

மருத்துவமனையின் கட்டண முகப்பில் அன்று அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அப்பாவோடு முன்பு வேலை பார்த்த கிராணி மாமா, கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருந்தும் வரவில்லை.

அப்பாவின் இதயத்தில் மூன்று இடங்களில் அடைப்பு. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். செலவைப் பற்றி அப்பா கவலைப்படவில்லை. முப்பது ஆண்டுகள் ராணுவ முகாமில் ஸ்டோர்மேனாக இருந்தவர். "கவர்மெண்டு பாத்துக்கும்" என்று டாக்சியில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள். யாருக்கோ போன் செய்து விசாரித்தாள்.

"அங்கிள், நீங்க மொத்தமா பணத்த எடுத்துக்கறேன்னு சைன் பண்ணியிருக்கீங்க. மாசப் பென்ஷன் எடுத்தவங்களுக்குத்தான் மெடிக்கல் கவர்."

கையெழுத்து அப்பாவுடையதுதான். முகாமில் ஆங்கிலம் படிக்கத் தெரியாத நம் ஆட்கள், எந்தப் படிவம் வந்தாலும் அடியில் கையெழுத்தை மட்டும் போட்டு, அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்த மாமாவிடம் கொடுத்துவிடுவார்கள். மற்றதை அவர் நிரப்பிக்கொள்வார். தீபாவளிக்கு ஆளுக்கொரு மதுப் போத்தல் அவர் வீட்டுக்குப் போகும். மாசப் பென்ஷனா, மொத்தப் பணமா என்று கேட்ட அந்தப் படிவம் வந்தபோது நான் தொடக்கநிலை இரண்டாம் வகுப்பில் இருந்தேன். ஓய்வு பெற்றபோது பணம் மொத்தமாக வந்ததை, எல்லாருக்கும் அப்படித்தான் என்று அப்பா வாங்கிக்கொண்டார். பின்னாளில் எங்கள் வீட்டில் முதல் ஆளாக டிப்ளோமா வரை படித்தேன். அப்பாவின் கோப்பை ஒருநாள்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

அங்கிருந்து நேரே ஈசூனில் இருந்த மாமா வீட்டுக்குப் போனோம். மாமா பனியனோடு கதவைத் திறந்தார்.

"வாப்பா, வா. நானே கெளம்பினேன், முட்டி வலி லா."

அப்பா உட்காரவில்லை. "அண்ணே, என் ஃபாரத்துல மொத்தப் பணம்னு எதுக்கு டிக் போட்டீங்க?"

"அதுவா... உனக்கு அப்ப வீட்டுக் கடன் இருந்துச்சே."

"மாசாமாசம் கட்டிக்கிட்டுத்தானே இருந்தேன். மொத்தமா வேணும்னு நான் கேட்டேனா?"

"கேக்கல. ஸ்டோர் ஆளுங்க எட்டுப் பேருக்கும் ஒரே நாள்ல நிரப்பினேன். எல்லாருக்கும் ஒரே டிக். கையில காசப் பாத்தாத்தானே உங்களுக்கெல்லாம் சந்தோஷம்."

உங்களுக்கெல்லாம். அந்த வார்த்தை என்னைச் சுட்டது.

அப்போது மாமி மருந்துப் பையோடு உள்ளே வந்தார். விஷயம் தெரியாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆபரேஷனாமே? பயப்படாதீங்க. இவருக்கு இத்தன மருந்துக்கும் நாங்க ஒரு காசு கட்டறதில்ல. அதே பென்ஷன் கார்ட நீங்களும் காட்டுங்க."

மாமா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

"அப்ப ஒம்பதாவதா உங்க ஃபாரத்துல மட்டும் வேற டிக்காண்ணே?" என்றார் அப்பா.

மாமி அப்பாவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது, "கேஸ் போடலாம்பா" என்றேன்.

"என்னன்னு போடுவ? கையெழுத்து என்னோடதுடா." மின்தூக்கி திறந்ததும், "அவர் வீட்டுப் பால்குடத்துக்கு வருசாவருசம் டாங்க் ரோடு கோயில் வரைக்கும் நான்தான் கூட நடந்தேன்" என்றார்.

அறுவை சிகிச்சை குறித்த தேதியில் நடந்தது. அப்பாவின் மருத்துவக் காப்புறுதி கொடுத்தது போக மீதி எங்கள் தலையில் விழுந்தது. அம்மா தன் சங்கிலியைச் சிராங்கூன் சாலை நகைக்கடையில் விற்றாள். பகுதிநேரப் பட்டப்படிப்புக்கு நான் சேர்த்து வைத்திருந்ததை எடுத்தேன். இரண்டும் சேர்த்துக் கட்டியது ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது வெள்ளி.