பாவுக்கு மட்டும் வழி

வேலி போடுகிறவர்கள் 'நாளைக்கு' என்று சொன்னால், அந்த நாளை காலண்டரில் இருக்காது. வீட்டில் வேலை வைத்துவிட்டு, கொத்தனாருக்கோ பிளம்பருக்கோ வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆள் வராவிட்டால் உங்கள் வீட்டில் குழாய் சொட்டும், சுவர் ஓதம் காக்கும், அவ்வளவுதான். என் வீட்டில் பிள்ளை போய்விடும்.

ஆரணிக்கு வெளியே, நெல் வயலை மனை போட்டு விற்ற இடத்தில் வீடு கட்டிக் குடிவந்தோம். வயல் போய்விட்டது, வயலுக்குத் தண்ணீர் இறைத்த கிணறு மட்டும் போகவில்லை. எங்கள் கொல்லை முடிகிற இடத்தில் ஒரு மேடு, மேட்டின் மேல் மொட்டைக் கிணறு. சுற்றுச்சுவர் என்று ஒரு செங்கல்கூடக் கிடையாது. புல் முளைத்த விளிம்பு, அதற்கடுத்த அடி தண்ணீர். சொந்தக்காரர் பெங்களூரில் இருக்கிறாராம். என் மகன் ஜோயல் முதல் அடி எடுத்து வைத்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நான் போய்ப் பின்கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு நான் குளிக்கப் போனால், அவன் இடுப்பில் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டில் காலில் கட்டிவிட்டுத்தான் போவேன். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிறு போகிறவர். "வேலி போட்டுடலாம்" என்று அவர் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். போடுவது என் பாடாயிற்று.

பெஞ்சு

வேலூர் கான்வெண்டில் படித்த வினை, எனக்குச் சில சொற்கள் தமிழில் சட்டென்று வராது. ஏகாம்பரம் என்பவர் நன்றாகப் போடுவார் என்று கடைக்காரர் நம்பர் கொடுத்தார். போன் செய்து, "அண்ணா, பேக்யார்டுக்கு ஒரு ஃபென்ஸ் போடணும், ப்ளீஸ்" என்றேன்.  அவர், "எத்தினி பேரு உக்கார்ற மாதிரிம்மா?" என்று கேட்டார்.

இல்லை, உட்காருவதற்கு இல்லை, சுற்றி அடைப்பதற்கு என்று விளக்கினேன். ஒரு வழியாகப் புரிந்துகொண்டு நேரில் வந்தார். கொல்லையைக் காலடியால் அளந்துகொண்டே, ஆடு வருகிறதா, மாடு வருகிறதா என்று விசாரித்தார். எதுவும் வரவில்லை, என் பிள்ளை போகாமல் இருக்கத்தான் வேலி என்றேன். இடுப்பிலிருந்த ஜோயலை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆட்டுக்கு வேலி போட்டுகீறேன், மாட்டுக்குப் போட்டுகீறேன், பன்னிக்குக்கூட போட்டுகீறேன். புள்ளைக்கு இதான்மா மொதல் தபா."

வந்துகினே கீறேன்

அட்வான்ஸ் கை மாறியதும் ஏகாம்பரம் அண்ணன் காற்றில் கரைந்துவிட்டார். போன் செய்தால் எடுப்பார், அதில் குறை சொல்ல மாட்டேன். "வந்துகினே கீறேன்மா" என்பார். ஒருநாள் தெள்ளாரிலிருந்து வந்துகொண்டே இருந்தார். இன்னொரு நாள் போனுக்குள் நாதஸ்வரம் கேட்டது; அன்றைக்கும் வந்துகொண்டேதான் இருந்தார்.

கடைசியில் பொறுமை போய், இன்று வருகிறீர்களா, நான் வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். உடனே அவருக்குக் கோபம். "இன்னாம்மா பேசறீங்க? உங்க வீட்டாண்டதான் நின்னுகினு கீறேன். கதவத் தட்டித் தட்டிக் கையே நோவுது. நீங்கதான் எங்கியோ பூட்டிகினு பூட்டீங்க" என்றார். நான் என் வீட்டு வாசற்படியில், திறந்த கதவில் சாய்ந்துகொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி பேசிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அதைச் சொன்னேன். கொஞ்சமும் குரல் மாறாமல் பதில் வந்தது: "அப்போ வேற யார் வீட்டாண்டயோ நிக்கிறேன் போல கீதும்மா."

குழிகள்

வந்தார், வரவில்லை என்று சொன்னால் பொய். ஆட்களோடு வந்து, போஸ்ட் நட ஒரே காலையில் கொல்லை முழுக்கக் குழி தோண்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். டீயைக் குடித்துவிட்டு, கல்லுக்கால் வண்டி வந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லிப் போனவர்கள், அந்த வாரம் வரவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு கிணற்றுக்குப் பயந்து ஆள் வைத்தவள் நான். இப்போது என் வீட்டுப் படிக்குக் கீழேயே வரிசையாகக் குழி, ஒவ்வொன்றும் ஜோயலின் இடுப்பளவு. வேறு வழி தெரியாமல் சமையலறையிலிருந்து அண்டா, குண்டான், தோசைக்கல், குக்கர் என்று கொண்டுபோய்க் கவிழ்த்து மூடினேன். சோறு வடிக்க வேண்டுமென்றால் கொல்லைக்குப் போய் ஒரு குழியைத் திறக்க வேண்டும். பின்தெருவில் தறி நெய்கிற சரோஜா அக்கா அந்தப் பக்கமாக வந்தவள், கவிழ்ந்து கிடந்த பாத்திரங்களை எல்லாம் நின்று பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்: "ஏங்கண்ணு, ஒரு கெணத்துக்கே ராத்திரி தூங்கலன்னு சொன்னியே, இத்தினி கெணத்த வெச்சிகினு எப்டி கண்ணு தூங்கற?"

முள்

கல்லுக்கால் நின்ற பிறகு கம்பி வந்தது. நான் கேட்டது வலைக்கம்பி, பிள்ளை கை வைத்தாலும் குத்தாத மாதிரி. அவர் இறக்கியது முள்கம்பிச் சுருள். யாரோ கரும்புக் கொல்லைக்கு வாங்கியதில் மீந்தது என்று நினைக்கிறேன். துரு ஏறி, ஒரு முள்ளில் பன்றி மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

கான்வெண்டில் சிஸ்டர் எங்களுக்குக் குரலை உயர்த்தாமல் பேசக் கற்றுக் கொடுத்தார். நான் அன்று அதை மறந்தேன். இது என் பிள்ளையின் முகத்துக்கு நேராக வருகிறது, உங்கள் பேரனுக்கு இதைப் போடுவீர்களா என்று கத்தினேன். என் கத்தலை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை வளர்ப்பதை எனக்குச் சொல்லித் தருகிற தோரணையில் பொறுமையாகச் சொன்னார்: "ஒரு தபா குத்திச்சின்னா மறு தபா கிட்டவே போவாது பாருங்க."

பாவு

முள்ளைத் திருப்பி அனுப்பி வலைக்கம்பி வாங்க வைத்தேன். ஜோயலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு ஒருநாள் திரும்பி வந்தால், வேலி நிற்கிறது! வெயிலில் பளபளவென்று, என் மார்பளவு உயரம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கம்பியில் கையை ஓட்டியபடியே சுற்றி வந்தேன். வேப்பமரத்தைத் தாண்டியதும் கை வெறும் காற்றில் விழுந்தது. அங்கே வேலி இல்லை. ஒரு கன்றுக்குட்டி தாராளமாகப் போகிற அளவுக்கு இடைவெளி, அப்புறம் மறுபடி வேலி. இடைவெளியில் நின்று நேராகப் பார்த்தால் எதிரே கிணறு.

கம்பி போதவில்லையா என்று போனில் கேட்டேன். அதெல்லாம் தாராளமாக இருக்கிறது, வேலை சுத்தமாக முடிந்துவிட்டது, பாவுக்கு மட்டும் வழி விட்டிருக்கிறேன் என்றார். எந்தப் பாவு என்று கேட்டதுதான் நான் செய்த தவறு. ஆரணியில் குடியிருந்துகொண்டு அப்படிக் கேட்கக் கூடாது. பட்டுச் சேலைக்கு நீளவாட்டில் ஓடும் இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதை வெட்டவெளியில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்துவிடுவார்கள். சரோஜா அக்கா வீட்டுப் பாவுக்கு ஒரு முனை எங்கள் வேப்பமரத்தடியில், மறு முனை கிணற்று மேட்டில். நாங்கள் வீடு கட்டுவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். என் கணவரும் கிருகப்பிரவேசத்தன்று தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். அந்த இடைவெளியையும் அடைத்துவிடுங்கள் என்று நான் சொன்னதும் ஏகாம்பரம் அண்ணன் முதல் முறையாக உண்மையிலேயே பதறினார்: "பாவுக்கு வழி உடாம அடைச்சிட்டு, நாளிக்கு ஊருக்குள்ள நான் எந்த மூஞ்சிய வெச்சிகினும்மா நடக்கறது?"

யார் இடம்

சரோஜா அக்காவிடமே நேரில் போய்ப் பேசினேன். பத்திரத்தில் வேப்பமரத்தையும் தாண்டி எங்கள் இடம்தான், தயவுசெய்து வேறு இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையிலிருந்த நூலைக் கீழே வைத்துவிட்டு, தன் வீட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே இருக்கிற இடத்தை எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினாள். இங்கே கார் நிற்கிறது, அங்கே மதில், அதற்கப்புறம் சாக்கடை. பிறகு என் தோளைத் தட்டிச் சொன்னாள்: "இடம் உன்துதான் கண்ணு, யாரு இல்லன்னது? பாவு நீட்டா வர்ற சாமான். அத்த மடிச்சி மடியில வெச்சிக்க முடியாதே."

தாழ்ப்பாள்

பேசிப் பேசி ஒரு சமாதானத்துக்கு வந்தோம். இடைவெளிக்கு வலையடித்த ஒரு சின்னக் கதவு. பாவு போடுகிற காலையில் திறந்திருக்கும், மற்ற நேரம் சாத்தியிருக்கும். ஏகாம்பரம் அண்ணன், அதிசயமாக, சொன்ன நாளிலேயே வந்து மாட்டிக் கொடுத்தார். ஆடாமல் அசையாமல் நின்ற நல்ல கதவு. தாழ்ப்பாளை மட்டும் வெளிப்பக்கம் வைத்திருந்தார்.

வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ளே அல்லவா இருக்கும், யாராவது திறந்துவிட்டு மறந்து போனால் நான் எப்படிச் சாத்துவது என்று கேட்டேன். கம்பிக்கு மேலே கையை விட்டு எட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று செய்து காட்டினார். அவருக்கு எட்டியது, எனக்கு எட்டவில்லை. இதைப்போய் ஒரு பெரிய விஷயமாகப் பேசுகிறாளே என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது: "தொறக்கறவங்க வெளிய கீறாங்க, தாப்பாள உள்ள வெச்சா யாரும்மா தொறப்பா?"

சிவப்புக் கூரை

போன மாதம் ஒரு காலை. சின்னக் கதவு திறந்திருந்தது. வேப்பமரத்தடியிலிருந்து மேடு வரைக்கும் பாவு, அரக்குச் சிவப்பு. கிணற்றுப் பக்க முனையைச் சரோஜா அக்கா கழியோடு சேர்த்து இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தாள். இன்னும் முளையில் கட்டவில்லை. நான் அடுக்களையில் நின்று போனில் ஏகாம்பரம் அண்ணனிடம் தாழ்ப்பாளை உள்ளே மாற்றச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். "வந்துகினே கீறேன்மா" என்றார். திரும்பினால் ஜோயல் இல்லை. பின்கதவு ஒருக்களித்திருந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தபோது, பாவுக்கு அடியில் இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. தலைக்கு மேலே போகிற சிவப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, அது போகிற வழியில் நேராகப் போய்க்கொண்டிருந்தான். கீழே அவன் பார்க்கவே இல்லை. பாவு என்னவோ மேட்டில் முடிந்துவிடுகிறது. நான் மேட்டை நோக்கி ஓடினேன். சரோஜா அக்கா கழியை விட்டாள். அத்தனை இழையும் ஒரே நேரத்தில் தொய்ந்து, ஈர மண்ணில் விழுந்து, ஒன்றோடொன்று சுருண்டது. அவள் விளிம்பில் முழங்காலிட்டு, அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்ததும் அவனை என் மேல் எறிகிற மாதிரி கொடுத்தாள்.  அக்கா, அக்கா என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சேறும் கஞ்சியுமாகக் கிடந்த பட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இந்தா, உன் புள்ள. என் பாவ யாரு தருவா?"

முழு அடைப்பு

அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் கொல்லைக்கு வருவதில்லை. விடியுமுன் பாவைத் தூக்கிக்கொண்டு வேறெங்கோ போகிறார்கள். கணவர் நஷ்டத்தைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனார். சரோஜா அக்கா வீட்டில் உட்காரச் சொன்னார்களாம், தண்ணீர் கொடுத்தார்களாம், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவிடவில்லையாம். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் அவள் ஜோயலின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போகிறாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

ஏகாம்பரம் அண்ணன் வந்து சின்னக் கதவைக் கழற்றி, வலையை இழுத்து, இடைவெளியை மூடினார். யாரும் தடுக்கவில்லை. அதுதான் முதலிலிருந்தே நான் கேட்டது. வேலை முடிந்ததும் கம்பியை ஒருமுறை உலுக்கிப் பார்த்தார். வெறிச்சோடிக் கிடந்த மேட்டைப் பார்த்தார். அவருக்கே என்னவோ போலிருந்தது போல. கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "முழுசா அடைச்சாச்சிம்மா. இனிமே இந்தப் பக்கம் ஒரு ஆளு வராது."

இப்போது ஜோயல் தூங்குகிறான். பின்கதவைப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். இன்று சாயங்காலம் அவன் வலைக்கம்பிக் கண்ணில் கால் விரலை நுழைத்து ஒரு அடி மேலே ஏறிக் காட்டினான். என் பிள்ளைக்கும் கிணற்றுக்கும் நடுவே நல்ல உறுதியான வேலி ஒன்று நிற்கிறது, ஆள்தான் யாரும் நிற்பதில்லை.