பித்தளைக்காரர் கழற்றிய குழாய்

குழாய் வேலை செய்யும் அவரைத் தெருவே பித்தளைக்காரர் என்றுதான் கூப்பிடும். பிளாஸ்டிக் குழாயைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அதை மாட்ட நான் எதற்கு, பசை இருந்தால் நீங்களே ஒட்டிக்கொள்ளலாமே என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். அவர் பூட்டிய பித்தளை எங்கேயும் கசிந்ததில்லை. பூட்டியதைக் கழற்றியதும் இல்லை. அந்தப் பெருமையை அவர் மூடி மறைக்கிற ஆளும் இல்லை.

அவர் மனைவி தையல்காரி. முன்னறையில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். அதில் விரல் நகம் நீளத்துக்குச் சிவப்பு இறால்களும், பாசி தின்னும் நத்தைகளும் இருந்தன. வாங்கிவிட்ட இறால்கள் எத்தனையோ முறை செத்துப் போயின. அவரும் விடாமல் தண்ணீரை மாற்றி, தீனியை மாற்றிப் பார்த்தார். கடைசியில் ஒரு இறால் வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்துகொண்டு திரிந்தது. துணி தைக்க வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிய பிறகுதான் அவர் அளவு நாடாவையே எடுப்பார்.

ஆனால் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றியதில் அவருடைய மணிக்கட்டு வீங்கிவிட்டது. பித்தளைக்காரர் அதைப் பார்த்தார். நேராகப் பட்டறையில் போய் உட்கார்ந்தார். செம்புக் குழாயை வளைத்துத் தொட்டிக்குள் இறக்கினார். இறால் உள்ளே இழுபடாதபடி அடியில் ஒரு பித்தளைச் சல்லடை, வெளிமுனையில் ஒரு பித்தளை வால்வு. திருகினால் போதும், அழுக்குத் தண்ணீர் தானாகக் கொல்லைப்புறம் போய்விடும். தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பாக்கியிருந்தார். மனைவிக்கு வாயெல்லாம் பல்.

அந்த வாரம் முடிவதற்குள் நத்தைகள் ஓட்டுக்குள் சுருங்கி விழுந்தன. இறால்கள் தலைகால் புரியாமல் ஓடின. பாதிக்கு மேல் அடியில் செத்துக் கிடந்தன. முட்டை சுமந்தது மட்டும் செடியின் உச்சியில் தொற்றிக்கொண்டிருந்தது. அதையும் மிச்சமிருந்தவற்றையும் மனைவி வேறொரு ஜாடிக்கு மாற்றிவிட்டு மீன் கடைக்கு ஓடினார். திரும்பி வந்து, செம்பு தண்ணீரில் கரையுமாம், பித்தளையிலும் செம்புதானாம், துளி கலந்தாலும் இறால் தாங்காதாம் என்றார்.

பித்தளைக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஊரே என் குழாய்லதான் தண்ணி குடிக்குது. யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே மனைவி சொன்னார்: "நாம ஒரு வாய் குடிச்சிட்டுப் போயிடுறோங்க. அதுங்க அதுக்குள்ளயே குடியிருக்குதுங்க."

பித்தளைக்காரருக்கு ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஒரு இணைப்பில் சந்தேகம் வந்தால் தண்ணீரை நிரப்பி, மறுநாள் வந்து பார்ப்பது அவர் வழக்கம். இதையும் அப்படியே பார்த்துவிடலாம் என்று பட்டறை மேசையில் மூன்று கண்ணாடி ஜாடிகளை வைத்தார். மூன்றிலும் ஒரே தண்ணீர், கடையில் வாங்கிய ஒரே மாதிரி நத்தைகள். ஒன்றில் பித்தளைத் துண்டு, ஒன்றில் எவர்சில்வர் திருகாணி, இன்னொன்றில் எதுவும் இல்லை.

தேநீர் குடிக்க வந்த வெல்டர் எட்டிப் பார்த்தார். அவர் சும்மா இருப்பாரா?

"என்ன மச்சான், நத்தைக்கு நகை போட்டுப் பாக்குறியா?"

கூட வந்த கொத்தனார் சிரித்துச் சிரித்துத் தேநீரைக் கொட்டிக்கொண்டார்.

மறுநாளும் எல்லோரும் கூடினார்கள். எவர்சில்வர் ஜாடியில் நத்தைகள் விளிம்பு வரை ஏறியிருந்தன. எதுவும் போடாத ஜாடியிலும் அப்படியே. பித்தளை ஜாடியில் மட்டும் எல்லாமே அடியில், கதவடைத்த வீடு மாதிரி கிடந்தன. வெல்டர் அவர் முதுகில் தட்டி, நத்தைக்கு எப்போதும் சோம்பல்தான், இதைப் போய் நம்புவாயா என்று தப்பிக்க வழி செய்து கொடுத்தார். பித்தளைக்காரர் அந்த வழியில் போகவே இல்லை.

"இல்ல மச்சான். என் பித்தளைதான் கொன்னிருக்கு" என்றார்.

சொன்ன கையோடு வீட்டுக்குப் போனார். எல்லோரும் பார்க்க, தான் பூட்டியதைத் தானே கழற்றினார். வாழ்க்கையில் முதல் தடவை. ஆனால் நிமிர்ந்த தலை குனியவில்லை. அதே வளைவில் பிளாஸ்டிக் குழாய், பிளாஸ்டிக் வால்வு, எவர்சில்வர் சல்லடை. தொட்டியைக் கழுவி, தண்ணீரை நிரப்பி, வடித்து, மறுபடி நிரப்பினார். வாளியை மனைவி தொட அவர் விடவில்லை. முதலில் ஜாடி நத்தைகளை விட்டுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்த பிறகே முட்டைக்காரியை உள்ளே விட்டார்கள்.

அதற்குப் பிறகு மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால் அவரே முதலில் எச்சரிக்கிறார். செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய தகரம் எதுவும் தண்ணீரைத் தொடக்கூடாது. பிளாஸ்டிக் போதும். உலோகம்தான் வேண்டுமென்றால் நல்ல எவர்சில்வர் போடுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் அதிலும் தரம் பார்த்துப் போடுங்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் ஜாடிக் கதையை ஒன்றுவிடாமல் சொல்கிறார், கசியாத குழாயைப் பற்றிச் சொல்லும் அதே குரலில்.

ஒரு நாள் காலை மனைவி தையலை நிறுத்திவிட்டு அவரைக் கையசைத்துக் கூப்பிட்டார். முழங்காலிட்டு மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார் பித்தளைக்காரர். முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு பாசியின் மேல் நூல் பிசிறுகள் அசைந்தன. கண், கால், மீசையோடு அத்தனையும் குட்டி இறால்கள். மனைவி அவர் தோளில் கைவைத்து நின்றார். அவர் எழுந்திருக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து வெல்டர் வாசலில் செருப்பை உதறிக்கொண்டு சத்தமாகக் கூப்பிட்டார். பித்தளைக்காரர் திரும்பாமலே உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா வா மச்சான். வீட்ல பச்சப்புள்ளைங்க இருக்கு."