காது வெட்டிய கிடாவோடு புளியந்தோப்புக்கு

பக்ரீத்துக்கு நாலு நாள் இருக்கும்போது என் ஒரே கிடாவை விற்க எர்ணாவூரிலிருந்து புளியந்தோப்பு ஆட்டுச் சந்தைக்குப் போனேன். அதுவரை வாசலுக்கு வரும் தரகரிடமே விற்றுப் பழக்கம். கப்பலில் வேலை செய்யும் என் மகன் ஆப்பிரிக்காவில் மொம்பாசா துறைமுகத்துப் பக்கத்து ஆட்டுச் சந்தையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அங்கே மேய்க்கிறவர்கள் மூன்று நாள் நடந்தே ஆடுகளை ஓட்டி வருவார்களாம். களைத்து நிற்பதைப் பார்த்துத் தரகர்கள் விலையை அடிப்பார்களாம். நீயாவது தெம்பாகப் போய் நேராக விற்றுவிடு என்றான்.

மழைக்குப் பிறகு கழிவு கலந்த கால்வாய்த் தண்ணீரைக் குடித்து என் பெட்டையாடுகள் மூன்றும் செத்துவிட்டன. இந்தக் கிடாவை விற்று இரண்டு சினையாடு வாங்கினால்தான் பட்டி மறுபடி உண்டாகும். இல்லையென்றால் அறுபத்திரண்டு வயதில் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்க வேண்டும்.

காலை ஐந்தரைக்குக் குட்டியானை வண்டி. பதினாலு கிலோமீட்டருக்கு எழுநூறு ரூபாய். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் முக்கால் மணி நேரம் நின்றோம். கிடா நாக்கைத் தள்ளியது. தண்ணீர் கொண்டுபோக மறந்திருந்தேன். ஓட்டுநர் குமார் தன் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, "இன்னா ஆயா, ஆட்ட வுட நீதான் நடுங்கிகினு கீற" என்றார். பொய்யில்லை.

ஏழேகாலுக்குச் சேர்ந்தோம். நான் ஐந்தாவதோடு நின்றவள்தான். ஆனால் பல்லைப் பார்த்தே ஆட்டின் வயதைச் சொல்வேன். அங்கே நின்ற எந்த ஆடும் என் கிடாவுக்கு ஈடில்லை. வந்தவர்கள் முதுகைத் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். காதைத் தூக்கியதும் நகர்ந்தார்கள். ஆறாவது ஆள்தான் காரணம் சொன்னார்: பக்ரீத்துக்குப் பலி கொடுக்கும் குர்பானி ஆட்டில் ஊனம் இருக்கக் கூடாது, காது முழுதாக இருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் ஆடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் மேய்ப்போம். கலந்துபோகாமல் இருக்க வீட்டுக்கு ஒரு வெட்டு காதில் போடுவோம். இடது காதில் பாதி இல்லையென்றால் அது என் ஆடு. ஒரே வெட்டில் போட்டேன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்.

பதினொன்றரைக்கு வெயில் ஏறியது. பக்கத்தில் நின்ற தரகர் ஒரு பூமாலையை நீட்டி, "காது மறைய சுத்தி வுடு ஆயா. அதோ வர்ற பெரியவரு கண்ணாடி போடாம வந்துகீறாரு" என்றார்.

சுற்றிவிட்டேன். பெரியவர் வந்தார், இருபத்திரண்டாயிரத்துக்கு ஒப்புக்கொண்டார். மகன் சம்பாத்தியத்தில் முதல் குர்பானி என்று சொல்லிக்கொண்டே பையில் கைவிட்டார். நான் கயிற்றை அவர் கையில் கொடுக்கவில்லை.

"பாய், மாலைய எடுத்துப் பாத்துக்க. காதுல வெட்டு கீது."

அவர் தொட்டுப் பார்த்தார். "நல்லவேள சொன்னம்மா" என்று நடந்துவிட்டார். தரகர் என்னைப் பிழைக்கத் தெரியாதவள் என்று திட்டி, மாலையைப் பிடுங்கிக்கொண்டார்.

ஒரு மணிக்குக் கறிக்கடைக்காரர் பதின்மூன்றாயிரத்துக்கு வாங்கினார். பதினோராயிரத்துக்கு ஒரு சினையாடு கிடைத்தது. இரண்டாவதற்கு வழியில்லை.

கிடா விற்கப் போகிறவர்கள் காலை ஆறு மணிக்குள் சேருங்கள். தண்ணீரும் தழையும் எடுத்துப் போங்கள். குட்டியிலேயே காதை வெட்டாதீர்கள், அடையாளத்துக்குக் கழுத்தில் துணி கட்டுங்கள்.

போன வாரம் என் ஆடு இரண்டு கிடாக்குட்டி போட்டது. பக்கத்து வீட்டுக்காரி காதில் வெட்டுப் போடச் சொல்லிக் கத்தியோடு வந்தாள். துணி அவிழ்ந்தால் உன் குட்டி என்று எப்படிச் சொல்வாய் என்று கேட்டாள். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனாலும் இரண்டு குட்டிகளையும் மடியில் போட்டு, நாலு காதையும் கையால் மூடிக்கொண்டேன்.