பட்டினி பாட்டில்களுக்கு ஒரு கரண்டி கஞ்சி

ஆராய்ச்சி என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், ஒரு பாட்டிலையே பார்த்துக்கொண்டு வயதாவது என்பேன். நான் பார்த்துக்கொண்டிருந்தவை ஆறு பாட்டில்கள். மூன்றில் உப்புத் தண்ணீர், கறுப்புக் கல்லின் தூள், பாக்டீரியா. மற்ற மூன்றில் அதே தண்ணீர், அதே பாக்டீரியா. கல் மட்டும் கிடையாது. தூள் அடியில் படிந்தபின், கல் உள்ள பாட்டிலின் தண்ணீர் மெல்லக் கலங்க வேண்டும். கல் இல்லாதது தெளிவாகவே இருக்க வேண்டும். அப்படி நடந்தால், இந்தப் பாக்டீரியா கல்லைத்தான் தின்கிறது என்று நிரூபணம். எனக்கு டாக்டர் பட்டம். நடக்காவிட்டால் என் பதிவு காலாவதி. ஏற்கெனவே ஒருமுறை கெஞ்சிக் கூத்தாடி நீட்டிப்பு வாங்கியாயிற்று. ஆராய்ச்சிக் குழு கூடுவதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

கல் அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. அந்தக் கடலில் செத்த பாசிகளும் நுண்ணுயிர்களும் அடிச்சேற்றில் விழுந்தன. மேலே மேலே சேறு மூடியது. அழுகி முடிக்கக்கூட நேரமில்லாமல் எல்லாம் சேர்ந்து இறுகிக் கல்லாகிவிட்டன. அந்த உடல்களில் இருந்த மூலக்கூறுகள் இன்னும் உள்ளே கிடக்கின்றன, சீப்பு நுழையாத சிக்குத் தலைமயிர் மாதிரி. கல் மேலே வந்து காற்றும் மழையும் பட்டதும் சில பாக்டீரியாக்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நொதிகளைச் சுரந்து, அந்தச் சிக்கை இழை இழையாக அறுத்துத் தின்கின்றன. தின்ற பிறகு நம்மைப் போலவே கரியமில வாயுவை வெளியே விடுகின்றன. கடல் என்றைக்கோ விழுங்கிய கரி அப்படித்தான் திரும்பக் காற்றுக்கு வருகிறது. அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத ஜீவன்கள். என் பதிவு முடியப்போவது அவற்றுக்கு எப்படித் தெரியும்?

அந்த வருட மழையில் எங்கள் கல்லூரி டிரான்ஸ்பார்மர் வெடித்தது. ஜெனரேட்டர் முதல்வர் அறையின் ஏசிக்கே சரியாக இருந்தது. பாட்டில்களுக்கோ எப்போதும் ஒரே கதகதப்பு வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜின் தலைமேல் கை வைத்தால் அதே கதகதப்பு இருக்கும். என் கைடு மேடத்திடம் சொல்லிவிட்டு, ஆறையும் தெர்மகோல் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஊரப்பாக்கத்தில் ரயிலேறினேன். செங்கல்பட்டில் இறங்கி பஸ் பிடித்தால், கண்டக்டர் பெட்டியை முகர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா பொட்டில? மீனா?"

"பாக்டீரியா."

"உயிரோடவா?"

"உயிரோடத்தான்."

"அப்ப லக்கேஜ் போட்ணும்மா. கோழிக்கே போட்றோம்."

வீட்டில் அப்பா காத்திருந்தார். செங்கல்பட்டைச் சுற்றியுள்ள குவாரிகளில் ஆயுசு முழுக்க ஜல்லி லாரி ஓட்டியவர். கல்லைப் பற்றி அவரிடம் யாரும் கதை அளக்க முடியாது.

"கல்லத் துன்னுதா? நான் ஓட்ன ஜல்லியத் துன்ன சொல்லு பாப்போம்."

"உங்க ஜல்லி நெருப்புல வெந்த கல்லுப்பா. மாமல்லபுரத்துப் பாறை மாதிரி. அதுல ஒரு பருக்கை கிடையாது. இது கடல்ல படிஞ்ச கல்லு. உள்ள பழைய சோறு இருக்குது."

"எத்தினி நாளு பழசு?"

"பல கோடி வருஷம்."

"ஊசிப் போயிருக்காது?"

ஊசிப் போகாததுதான் விஷயம் என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கல் இல்லாத மூன்று பாட்டில்களையும் காட்டினார்.

"இதுங்களுக்கு இன்னா சாப்பாடு?"

"ஒண்ணும் கிடையாது."

"ஏன், இன்னா தப்பு பண்ச்சி?"

"அது அப்படித்தான், தொடாதீங்க" என்று சொல்லி ஆறையும் ஃபிரிட்ஜ் மேல் வரிசையாக வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பார்த்தால், கல் உள்ள பாட்டில்கள் பாவம்போல நின்றன. கல் இல்லாத மூன்றும் புகையடித்த மாதிரி கலங்கியிருந்தன. சாப்பாடே இல்லாமல் வளரும் உயிர்! கல்லாவது மண்ணாவது, நான் வேறெதையோ கண்டுபிடித்துவிட்டேன்! மேடத்துக்கு போன் போட்டேன்.

"மேடம், ஒண்ணுமே இல்லாம வளருது!"

"ஒண்ணுமே இல்லாம வளர்றது ரிசர்ச் ஸ்காலர் மட்டும்தான்மா. மோந்து பாரு."

பஞ்சு அடைப்பைத் திறந்து முகர்ந்தேன். வடிகஞ்சி வாசனை.

அப்பா வாசலில் காக்காவுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் மறைக்கவே இல்லை. "நேத்து காத்தால வடிச்ச கஞ்சிதான். நல்லா ஆத்தி, ஆளுக்கு ஒரு கரண்டி வுட்டேன். சூடா வுடல" என்றார், அதுதான் நான் கவலைப்படும் விஷயம் என்பது போல.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நீங்க ஊத்துனது கஞ்சி இல்லப்பா, என் படிப்புக்குப் பால்!" என்று கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. காக்கா பறந்துவிட்டது.

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "கோச்சுக்காத. கண்ணு முன்னால ஒருத்தன் துன்னுகினு இருக்கான், பக்கத்துலயே இன்னொருத்தன் பட்டினி. பாத்துகினு இருக்க முடில. சின்ன வயசுல எங்கப்பாகூட ஆண்டை வூட்டுக் கல்யாணத்துக்குப் போவேன். பந்தல் போட்டது நாங்க, அண்டா தூக்குனது நாங்க. கொல்லப்பக்கம் கடைசிப் பந்தி நாங்க. எங்க எலைக்கு வரும்போது சாம்பாருல தாளிச்ச கடுகுதான் மிச்சம். அதக்கூட எண்ணித்தான் போடுவானுங்கோ" என்று சிரித்தார். "கழுகுக்கே சக்கரைப் பொங்கல் வச்சுட்டு வானத்தப் பாத்துகினு இருந்த ஊருமா இது. மூணு பாட்டிலுக்கு ஒரு கரண்டி கஞ்சி பெருசா?"

உண்மையைச் சொன்னால், கோபம் ஆறவில்லை. ஆனால் அதற்குமேல் கத்த வாய் வரவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு வலித்தது.

குழுவின் முன் நின்றபோது எதை மறைப்பது என்று தெரியாமல் முழுவதையும் சொல்லிவிட்டேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கஞ்சி என்ன அரிசி?"

"ரேஷன் அரிசி சார்."

முதலில் சிரித்தது என் மேடம்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வாயோடு, "பொங்கல் வரைக்கும் டைம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது. பாட்டில் வீட்டுக்குப் போகக் கூடாது, அப்பா லேபுக்கு வரக் கூடாது" என்றார் தலைவர்.

புது டிரான்ஸ்பார்மர் வந்தது. மறுபடி ஆறு பாட்டில். மார்கழி முழுக்க அவற்றின் முன்னால் தவம் கிடந்தேன். பொங்கல் விடுமுறைக்கு முன் கல் உள்ள மூன்றும் கலங்கின, மெதுவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல். மற்ற மூன்றும் குழாய்த் தண்ணீர் மாதிரி தெளிவு. அளவெடுத்தோம். மேடம் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு அப்பாவுக்கு போன் போட்டேன்.

"பாஸாயிட்டேன்பா."

"சந்தோசம்மா. ரொம்ப சந்தோசம்." உடனே கேட்டார்: "அந்தப் பட்டினி பாட்டிலுங்கோ?"

"அதுங்க... செத்திருக்கும்பா."

"சரி வுடு" என்று வைத்துவிட்டார்.

வேலை முடிந்த பாட்டில்களைப் பெரிய குக்கரில் வேகவைத்துக் கொட்டிவிட வேண்டும், அதுதான் விதி. கல் தின்றவற்றை வேகவைத்தேன். தெளிவாக நின்ற மூன்றையும் கையில் எடுத்தேன், என்னால் முடியவில்லை. காலையில் அப்பா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸில் பழைய சோறு இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அதன் மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்துக் காய்ச்சி, நன்றாக ஆற்றி, ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினேன். ஊற்றிய பிறகும் தெளிவாகத்தான் இருந்தன.

மறுநாள் காலையில் மூன்றும் கலங்கியிருந்தன. சாகவில்லை. இத்தனை நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா படுத்திருந்திருக்கின்றன.

லேப் வாசலிலேயே நின்று போன் போட்டேன். "அப்பா, சாப்ட்டாங்கப்பா!"

"நான்தான் சொன்னேனே" என்றார் அப்பா. "ராத்திரிக்கு இன்னா வச்சிருக்க?"