அவள் போட்ட கையெழுத்து

போன வருஷம் ஆடி மாசம், ஓசூரிலிருந்து கர்நாடகா பார்டர் தாண்டிப் போனால் வரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது இது. என் மனைவிக்கு மறுநாள் காலை வயிற்றில் ஆபரேஷன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்துக்குள் போனது ஒரே ஒரு முறை. எங்கள் மாடு உள்ளே நுழைந்துவிட்டது, பிடிக்கப் போனேன். என் பெயரை மட்டும் எழுதுவேன், அதுவும் குடித்துவிட்டு நடப்பவன் மாதிரி கோணிக்கொண்டு போகும். அதனால் இதை நான் சொல்ல, எழுதுகிறவள் அவள்தான்.

எனக்கு ரோஜாத் தோட்டத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. அவளுக்கு ஒரு கம்பெனியில் வரிசையாக நின்று பார்ட்ஸ் பூட்டுகிற லைன் வேலை. கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. கொஞ்ச நாளாக அவளுக்கு அடிவயிறு கனத்தது, இரண்டு வாய் தின்றாலே வயிறு நிறைந்தது. என் சமையல் லட்சணம் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஸ்கேன் எடுத்தால் வலது பக்கச் சினைப்பையில் பெரிய மாங்காய் அளவுக்குக் கட்டி.

அவள் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது ரிசல்ட்டை வாங்க நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ஆரம்பப் புற்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஊசி குத்திப் பார்த்தால் கட்டி உள்ளே உடைந்து பரவிவிடலாம். அதனால் முழுசாக எடுத்து, அவள் மயக்கத்தில் இருக்கும்போதே லேபுக்கு அனுப்புவார்களாம். ஒரு பக்கத்தோடு நிறுத்துவதா, கர்ப்பப்பை வரைக்கும் எடுப்பதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம்.

"அவங்க வரட்டும், அவங்க கிட்டயும் பேசிடறேன்" என்றார்.

"நானே சொல்லிக்கறேன் மேடம்" என்று பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

வெளியே வந்து அவளிடம் சொன்னது: "வெறும் நீர்க்கட்டியாம்டி. சின்ன ஓட்டை போட்டு எடுத்துடுவாங்களாம். நாலே நாள்ல நீ வேலைக்குப் போலாம்."

அதற்கப்புறம் பத்து நாளும் அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தேன். ஆள் இல்லாத நேரத்தில் ரோஜாப் பெட்டி அட்டையில் கையெழுத்துப் போட்டுப் பழகினேன். ஆபரேஷனுக்குப் புருஷன்தானே கையெழுத்துப் போட வேண்டும்?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நர்ஸம்மா பேப்பரோடு வந்ததும் பேனாவுக்குக் கை நீட்டினேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். "நீவு அல்லா, அவரே சைன் மாடபேக்கு" என்றார் கன்னடத்தில். பேஷண்ட்தான் போட வேண்டுமாம், நான் கீழே சாட்சிக்குப் போட்டால் போதுமாம்.

தமிழில் அச்சடித்த பேப்பர். அவள் எட்டாவது வரை படித்தவள். கம்பெனியில் வேலைத் தாளைப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஃபேனைக் கிண்டல் பண்ணினேன், ஆஸ்பத்திரி இட்லியைக் கிண்டல் பண்ணினேன். விரல் ஒரு வரியில் நின்றது.

"மாமா, கர்ப்பப்பைய எடுக்கறதப் பத்திப் போட்டுருக்குது. புற்றுன்னும் போட்டுருக்குது. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தன நாளா?"

"பத்து நாளா."

திட்டுவாள் என்று குனிந்துகொண்டேன். திட்டவில்லை. "பத்து நாளா இத தனியா வெச்சிகினுதான் சிரிச்சிகினு இருந்தியா? கோமாளி" என்றாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளே துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்: "என் வயித்துல இருக்கறது என்னத் தவிர எல்லாத்துக்கும் தெரியுது பாரு."

அப்புறம் டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னாள்.

"சின்ன ஓட்டைல எடுத்தா ஒடையுமா மேடம்?"

"உங்களோடது பெருசும்மா. அந்தப் பயம் இருக்கு."

"அப்ப நீளமாவே அறுங்க."

"மேடம், அறுக்கறத கொஞ்சம் பாத்து கம்மி பண்ணி..." என்று நான் மத்தூர் சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

"மிச்சம் வெக்க முடிஞ்சா வைங்க மேடம். முடியலன்னா, புள்ள இல்லியேன்னு பாவம் பாக்காதீங்க. எடுத்துடுங்க" என்றாள். என் பக்கம் திரும்பி, "கொழந்த வேணும்தான் மாமா. அதுக்கு மொதல்ல நான் இருக்கணும்ல?" என்றாள்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவள் பேருக்குக் கீழே என் பேரும் கோணலாகப் போய் உட்கார்ந்தது.

மறுநாள் தியேட்டர் வாசலில் எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. டாக்டரம்மா வெளியே வந்தார். கட்டி உடையாமல் முழுசாக வந்துவிட்டதாம். லேபில், நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் இருக்கிற வகை என்கிறார்களாம். பரவின மாதிரி தெரியாததால் இன்னொரு சினைப்பையையும் கர்ப்பப்பையையும் அப்படியே விட்டிருக்கிறார்களாம். முழு ரிப்போர்ட் வந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். நான் காலில் விழப் போக, அவர் எகிறிக் குதித்து நகர்ந்தார்.

சாயங்காலம் அவளுக்கு மயக்கம் தெளிந்தது. நாக்கு சரியாகப் புரளவில்லை. "எத எடுத்தாங்க?" என்றாள்.

நல்லதை மட்டும் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அடக்கிக்கொண்டு, டாக்டரம்மா சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். இன்னும் உறுதியாகவில்லை என்பதையும் சேர்த்து. கேட்டுக்கொண்டே என் விரலைப் பிடித்தவள், பிடித்தபடியே தூங்கிப்போனாள்.

முழு ரிப்போர்ட்டும் அதையேதான் சொன்னது. கட்டியைத் தாண்டி எதுவும் போகவில்லை. மருந்து தேவையில்லை, ஆனால் சில மாசத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். குழந்தை இன்னும் வரவில்லை. ஒவ்வொரு செக்கப்புக்கு முன்னாலும் எனக்குப் பயமாக இருக்கும். இப்போதெல்லாம் அதை அவளிடமே சொல்லிவிடுகிறேன், அவளும் அவள் பயத்தைச் சொல்கிறாள். அந்தப் பத்து நாள் நான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்தேன். அவளுடைய தைரியத்தை அவளுக்கே காட்டாமல் ஒளித்து வைத்திருந்தேன் என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.