கீழ்வீட்டு அக்கா இழுத்த கயிறு

எங்கள் ஜெனரேட்டருக்கும் கீழ்வீட்டு அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம். அது ஓடினால் அக்கா ஜன்னலைப் படாரென்று சாத்துவார். வருடக்கணக்காக மைதானத்தில் புல்வெட்டும் இயந்திரம் தள்ளியவர். எந்த மோட்டார் உறுமினாலும் காதுக்குள் இரைச்சல் கிளம்பிவிடுமாம். எனக்கும் வாய் சும்மா இருக்காது. மாடியிலிருந்தே பதிலுக்குப் பதில் கொடுப்பேன்.

அன்று மதியம் கரண்ட் போனது. குஞ்சு பொரிக்கும் பெட்டியில் என் முதல் ஈடு முட்டைகள். பலவற்றில் ஓடு கீறி, உள்ளிருந்து அலகு தட்டிக்கொண்டிருந்தது. வேலை போன பிறகு நான் நம்பி இறங்கியது இந்தப் பெட்டியைத்தான். சூடு இறங்கினால் அத்தனையும் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும்.

கொல்லைக்கு ஓடினோம். என் வீட்டுக்காரர் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். அது கல்லுளிமங்கனாய் உட்கார்ந்திருந்தது. நான் அவரைத் திட்ட, அவர் அதைத் திட்ட, கீழ்வீட்டுக் கதவு திறந்தது. போச்சுடா, இன்றைக்குமா என்று நினைத்தேன்.

அக்கா சண்டைக்கு வரவில்லை. குனிந்து மோந்து பார்த்தார்.

"காத்து போற சோக்கை மூடி வச்சுக்கிட்டே இழுத்திருக்கீங்க தம்பி. பெட்ரோலைக் குடிச்சுக் குடிச்சு மூழ்கிப்போச்சு" என்றார்.

இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார், நனைந்திருந்தது. துணியால் துடைத்தார். சோக்கைத் திறந்துவிட்டு, பிளக் இல்லாமலேயே நாலைந்து முறை கயிற்றை இழுத்து, உள்ளே தேங்கியதை வெளியேற்றினார். கொஞ்சம் காயட்டும் என்றார். பிறகு பிளக்கை முடுக்கி ஓர் இழுப்பு. இருமியது, திணறியது, பிடித்துக்கொண்டது.

காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார் என்று பார்த்தால், வாளியைக் கவிழ்த்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். திரும்ப மக்கர் பண்ணினால் யார் பார்ப்பது என்று என்னையே கேட்டார். கரண்ட் வரும்வரை அந்த உறுமலுக்குப் பக்கத்தில் முகத்தைச் சுருக்கிக்கொண்டு இருந்தார், எழுந்திருக்கவில்லை. அந்த மகராசிக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் முதல் குஞ்சு ஈரம் காய்ந்து எழுந்ததும் அவர் உள்ளங்கையில்தான் வைத்தேன். அது கீச்சிட்டு வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தது. அக்கா அதன் அலகு திறந்து மூடுவதையே உற்றுப் பார்த்தார்.

"கத்துதா?" என்று கேட்டார்.

மோட்டார் இரைச்சலில் பழுதான அவர் காதுக்கு அந்தக் கீச்சுக்குரல் எட்டாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நல்லா கத்துதுக்கா" என்றேன்.

அவர் குஞ்சைத் தூக்கி, அதன் நெஞ்சு அதிர்வது படும்படி கழுத்தோடு ஒட்ட வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஆமா, தெரியுது" என்றார்.